மூணு தட்டு, ஒரு "கேக்குதா"

என் பெயரையும் வீட்டு எண்ணையும் இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தர் எழுதியிருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. மேற்படி முகவரியில் உள்ள எட்டு மாடிக் குடியிருப்பில், ஏழாவது மாடியில் பல வருடமாகக் குடியிருந்து வருகிறேன். வீட்டிலேயே தையல் தைக்கிறேன். பழைய துணியைப் பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, பேண்ட்டுக்குக் கால் மடிப்பது இவைதான் அதிகம் வரும். கட்டிடத்தில் எல்லாரும் என்னைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவர் உயிருடன் இல்லை. அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், என்னோடு ஒரே வீட்டில் இருந்து வந்தாள். சென்ற வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கட்டிடத்து லிப்டுக்குள் இறந்துபோனவள் அவள்தான்.

காவல் ஆய்வாளர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். லிப்டுக்குள்ளிருந்து அவள் தட்டிய சத்தம் வெளியே இருந்த உங்களில் யாருக்காவது கேட்டதா என்பது அந்தக் கேள்வி. ஆமாம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும் என்றார். ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது என்றும், முதலிலிருந்து சொல்கிறேன், சொன்னபடியே எழுத வேண்டும் என்றும் நான் கூறினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

என் நாத்தனார் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கிற வேலை. அந்த ஆவியும் நூல் தூசியும் நெஞ்சுக்குள் போய்த்தான் அவளுக்கு இழுப்பு வந்தது என்பது என் எண்ணம், டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போனது என்று சொன்னால் பொய். ஜன்னலை அவள் திறப்பாள், நான் மூடுவேன். என் மிஷின் சத்தம் அவளுக்கு ஆகாது, அவள் வைக்கிற ரேடியோ எனக்கு ஆகாது. ஆனாலும் ஒருத்தி வராமல் இன்னொருத்தி சாப்பிட உட்கார்ந்ததில்லை. இழுப்பு வந்துவிட்டால் அவளுக்குக் குரல் எழும்பாது. அதனால் சுவரை மூன்று முறை தட்டுவாள். பக்கத்து அறையில் படுத்திருக்கும் நான் எழுந்து போய் முதுகை நீவிவிட்டு, மூச்சுக்கு அடிக்கும் பம்பை எடுத்துக் கொடுப்பேன். எவ்வளவு அசந்து தூங்கினாலும் அந்த மூன்று தட்டுக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும்.

எங்கள் கட்டிடத்து லிப்ட் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். ஓடினாலும் நடுவில் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. நாத்தனார் வேலை முடிந்து வந்தால் ஒவ்வொரு மாடியிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் ஏறுவாள். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுவாள், பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆகும். நாலாவது மாடியில் சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவர் இருக்கிறார். ரத்தம் சுத்தம் செய்யப் போகிற நாளில் அவரை அவருடைய மருமகன்கள் இருவரும் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள், வழியெல்லாம் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போவார். இதையெல்லாம் பராமரிப்பு அலுவலகத்தில் போய்ப் பல தடவை சொன்னோம். அந்த அலுவலகம் எங்கள் கட்டிடத்துத் தரைத்தளத்திலேயே இருக்கிறது. அங்குள்ள அதிகாரி எதைச் சொன்னாலும் "பார்ப்போம்" என்பார். அதனால் அவருக்குப் பார்ப்போம் சார் என்றே பெயர் ஆகிவிட்டது. இது வாக்குமூலத்தில் வரலாமா என்று எழுத்தர் கேட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வரலாம், அவர் செய்த வேலை ஒன்றும் இல்லாததால் அதை எழுத முடியாது என்று நான் சொன்னேன்.

நாங்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. லிப்டைப் பழுது பார்க்க வேண்டும், உள்ளே ஓடாத விசிறியை ஓட வைக்க வேண்டும், அபாய மணியைச் சரி செய்ய வேண்டும் என்று கேட்டோம். அந்த மணிக்குச் சிவப்புப் பொத்தான் மட்டும் இருந்தது. அமுக்கினால் ஒரு சத்தமும் வராது, பின்னால் ஒயரே இல்லை என்று இரண்டாவது மாடி எலெக்ட்ரீஷியன் தம்பி எங்களுக்குக் கழற்றிக் காட்டியிருக்கிறார்.

அதன் பிறகு குடியிருப்போர் எல்லாரும் மொட்டை மாடியில் கூடி, மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரைத் தலைவராகப் போட்டோம். அவருடைய குரல்தான் காரணம். கீழே நின்று "வாங்க" என்றால் எட்டாவது மாடியில் கதவு திறக்கும். பார்ப்போம் சார் வீட்டுக்குப் புறப்படுகிற மாலை நேரத்தில் எல்லாரும் அவரவர் மாடிப்படியில் நின்று தட்டை அடிக்கலாம் என்று ஆறாவது மாடி டீச்சர் யோசனை சொன்னார். முதல் நாள் அடித்தபோது ஒரே இரைச்சலாக இருந்தது. பாத்திரக் கடை சரிந்து விழுந்த மாதிரி இருக்கிறது, இதற்கு ஒரு தாளம் வேண்டும் என்று கண்டக்டர் அண்ணன் சொன்னார். மூன்று தட்டுத் தட்டி நிறுத்தலாம் என்று சொன்னது நான். எங்கள் வீட்டுச் சுவரில் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகியிருந்தது அதுதான், வேறு யோசனை எனக்கு வரவில்லை. மூன்று தட்டு முடிந்ததும் கண்டக்டர் அண்ணன் "கேக்குதா?" என்று சத்தம் போடுவார். உடனே எல்லாரும் கையை நிறுத்திவிட வேண்டும். பதில் வராத அந்த அமைதி அலுவலகத்துக்குள் போய் உட்கார வேண்டும் என்பது அவருடைய திட்டம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று தட்டு, மறுபடியும் "கேக்குதா?" இப்படியே பார்ப்போம் சாரின் வண்டி வெளியே போகும்வரை நடக்கும்.

என் நாத்தனார் ஒரு நாளும் தட்டவில்லை. அவளுடைய நெஞ்சுக்காகத்தானே இவ்வளவு பாடு என்று நான் சண்டைகூடப் போட்டேன். "தட்டு சாப்பிடுறதுக்கு அண்ணி. அடிச்சு நெளிச்சு வச்சிட்டு நாளைக்கு எதுல சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். அந்த மூன்று தட்டை முதலில் கேட்ட அன்று படியிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் வந்து மூச்சு சரியான பிறகு, "என் இழுப்பையே கட்டடத்துக்குப் பாட்டாக்கிட்டீங்களே" என்றாள். கோபமாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. நான் சிரித்தேன். அதற்குப் பிறகும் நாங்கள் தட்டிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவே மெதுவாக ஏறிப் போவாள், யாரையும் பார்க்க மாட்டாள்.

இப்படிச் சில வாரம் நடந்த பிறகு, சென்ற வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் ஒருவர் பெட்டியோடு வந்தார். மதியம்வரை மேலே கீழே போய் வந்து, லிப்ட் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். விசிறியும் மணியும் என்ன ஆயிற்று என்று எலெக்ட்ரீஷியன் தம்பி கேட்டதற்கு, அது தனி வேலை, தனி உத்தரவு வர வேண்டும் என்றாராம். அதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிப்ட் ஓடுகிறதே என்ற சந்தோஷம்தான் இருந்தது. நாலாவது மாடிக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே சும்மா கீழே போய்விட்டு மேலே வந்தார், வந்ததும் அழுதார். நானும் ஏறிப் பார்த்தேன், நிற்காமல் ஏழாவது மாடிக்கு வந்தது.

அதன் பிறகு நான் நாத்தனாருக்கு வேலை இடத்துக்குப் போன் செய்தேன். அவள் பழக்கத்துக்குப் படியில்தான் ஏறுவாள் என்று எனக்குத் தெரியும். "லிப்டு ஓடுதுடி. இன்னைக்காவது மூச்சு வாங்காம வீட்டுக்கு வா" என்றேன். அவளுக்கு நம்பிக்கை இல்லை. நானே ஏறி வந்தேன் என்று அடித்துச் சொன்னேன். "சரி, நீங்க சொல்றீங்கன்னு ஏறுறேன். மாட்டிக்கிட்டா நீங்கதான் வந்து எடுக்கணும்" என்றாள். "எடுக்கிறேன் போடி" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது இதுதான். இந்த இடத்தில் எழுத்தர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அன்று மாலை கடைசியாக ஒரு தடவை தட்டிவிடலாம், இது சந்தோஷத் தட்டு என்று கண்டக்டர் அண்ணன் எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார். அதனால் வழக்கமாக வராதவர்களும் படிக்கு வந்துவிட்டார்கள். கட்டிடத்துக் காவலாளி எல்லாருக்கும் டீ வாங்கி வரக் கடைக்குப் போயிருந்தார். போகும்போது என் நாத்தனார் லிப்டுக்குள் போவதைத் தான் பார்த்ததாகவும், அவள் அவருக்குக் கையாட்டியதாகவும் அவர் பிறகு சொன்னார். எங்களுக்கு அது அப்போது தெரியாது. அப்போது நாங்கள் தட்ட ஆரம்பித்திருந்தோம். நான் ஏழாவது மாடிப் படியில் பெரிய தட்டோடும் கரண்டியோடும் நின்றிருந்தேன். ஒரு திருப்பம் கீழே ஆறாவது மாடியில் டீச்சர் நின்றிருந்தார்.

நாலைந்து சுற்று ஆன பிறகு எங்கள் தாளத்தில் சேராத ஒரு சத்தம் வந்தது. வேகமாக, விடாமல், டணடணவென்று கேட்டது. எங்கள் மாடிப்படி லிப்ட் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. அங்கே எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, எல்லாம் எல்லாப் பக்கமிருந்தும் வரும். கீழேயிருந்து கண்டக்டர் அண்ணன், "யாருப்பா அது, தாளம் தப்புது" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்து, யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், ரொம்பப் பக்கத்தில் கேட்கிறது என்று சொன்னார். எனக்கு அந்தச் சத்தம் தெரிந்தது. அது என் நாத்தனாருடைய சாப்பாட்டு டப்பாவின் சத்தம். அதன் மூடி ஒரு பக்கம் நெளிந்து, கையில் எடுத்தாலே கலகலக்கும். தினமும் அதைக் கழுவிக் கவிழ்க்கிறவள் நான். கடைசியில் இவளும் தட்ட வந்துவிட்டாள், கீழே ஏதோ ஒரு மாடியில் நின்று தட்டுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. டீச்சரிடம், அது எங்கள் வீட்டு ஆள்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

அதன் பிறகு அந்த வேகத் தட்டு நின்றது. நாங்கள் மூன்று தட்டுத் தட்டினோம், கண்டக்டர் அண்ணன் "கேக்குதா?" என்றார், எல்லாரும் கையை நிறுத்தினோம். அந்த அமைதியில் மூன்று தட்டு வந்தது. அவள் ஒருத்தி மட்டும் தட்டினாள். இத்தனை வாரத்தில் அந்த இடத்தில் யாரும் தட்டியதே இல்லை. படி முழுக்கச் சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தது. "பதில் வந்துடுச்சுப்பா" என்று கண்டக்டர் அண்ணன் கத்தினார். நாங்கள் மறுபடி தட்டினோம், அவர் மறுபடி "கேக்குதா?" என்றார், மறுபடி மூன்று தட்டு வந்தது. பிள்ளைகள் இன்னும், இன்னும் என்றார்கள். நாங்கள் எப்போது நிறுத்துவோம் என்று அவளுக்குத் தெரியும். தட்டினால் கேட்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, மூச்சை அடக்கி வைத்து, அதில் தட்டியிருக்கிறாள். இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது நான் கரண்டியை ஓங்கி, அவளுக்குப் பதிலாக இன்னும் பலமாகத் தட்டினேன்.

பிறகு அவளுடைய தட்டு மெதுவாக வந்தது. ஒரு தடவை இரண்டோடு நின்றது. அதற்கு அடுத்த தடவை ஒன்றும் வரவில்லை. "கை வலிக்குது போல, விடுங்க பாவம்" என்று யாரோ சொன்னார்கள். அத்துடன் நாங்களும் முடித்துக்கொண்டு எல்லாருமாகக் கைத்தட்டினோம். வீட்டில் எத்தனையோ நாள் அந்த மூன்று தட்டுக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவள், அன்று முழித்துக்கொண்டு, நின்றுகொண்டு, கையில் தட்டோடு கேட்டேன். ஊரே அதைத் தட்டிக்கொண்டிருந்ததால் அது அவள் என்னைக் கூப்பிடுவது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாளத்தை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அதன் பிறகு மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். நாத்தனாரும் அவர்களோடு கீழே நிற்கிறாள், பேச்சு சுவாரசியத்தில் இருக்கிறாள் என்று நினைத்து நான் வீட்டுக்குள் போய் சாப்பாட்டைச் சூடு பண்ணினேன். சூடு ஆறியது. மறுபடி சூடு பண்ணினேன். அப்போது கீழேயிருந்து ஒரு பேச்சு காதில் விழுந்தது. நாலாவது மாடிக்காரருடைய மகள், லிப்ட் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் அடுப்பை அணைத்தேன். நான் தலைதெறிக்க இறங்கினேன். காவலாளியிடம் கேட்டேன். அவர், அம்மா அப்போதே லிப்டில் ஏறினார்களே என்றார்.

எலெக்ட்ரீஷியன் தம்பி கம்பியைக் கொண்டு கதவை நெம்பித் திறந்தார். லிப்ட் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விசிறி ஓடவில்லை. நாத்தனார் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பம்பு ஒரு கையில் இருந்தது. டப்பா மடியில் இருந்தது. மூடி இரண்டு பக்கமும் நெளிந்திருந்தது. கதவின் உள்பக்கம் அவள் தட்டிய இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து தகரம் தெரிந்தது. சிவப்புப் பொத்தான் உள்ளே அமுங்கியபடியே மாட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய போனில் எனக்குப் போட்ட அழைப்புகள் போகாமல் கிடந்ததை ஆய்வாளர்தான் எனக்குப் பிறகு காட்டினார். நான் உள்ளே இறங்கி அவளைக் கூப்பிட்டேன். கை இன்னும் சூடாக இருந்தது. நான்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள், அதனால் வேறு யாரையும் தொட விடாமல் நானும் எலெக்ட்ரீஷியன் தம்பியும் மட்டும் அவளை வெளியே எடுத்தோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உடலுக்காகக் காத்திருந்தபோது கண்டக்டர் அண்ணனும் டீச்சரும் என்னை ஒரு ஓரமாகக் கூட்டிப்போனார்கள். குடியிருப்போர் லிப்ட் கதவில் அடித்து அடித்துத்தான் அது நின்றது என்று பார்ப்போம் சார் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார்கள். அது பொய். நாங்கள் எங்கள் தட்டையும் படிக் கம்பியையும்தான் அடித்தோம். அன்று லிப்ட் கதவில் அடித்தது ஒரே ஒரு ஆள், அவள் உள்ளே இருந்தாள். இந்த நிலைமையில் சத்தம் கேட்டது என்றும் சொல்லிவிட்டால் பழி முழுக்க நம் தலையில் விழும், அலுவலகம் தப்பித்துவிடும், லிப்டும் போய்விடும், நாலாவது மாடிக்காரர் கதி என்ன என்று டீச்சர் கேட்டார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கண்டக்டர் அண்ணனுக்கு அன்று குரலே வரவில்லை. கிசுகிசுவென்று, "கேக்கலன்னு சொல்லிடும்மா. வயசாச்சு, காது கொஞ்சம் மந்தம்னு சொல்லிடு. நாங்களும் அப்படியே சொல்லிடுறோம்" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் கட்டிடமே அதிரக் "கேக்குதா" என்று கேட்டவர் அவர். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, ஐயோ பாவம் என்றுதான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த மணியை நாங்கள் கேட்டோம், அவர்கள் போடவில்லை. மணி அடித்திருந்தால் அதை யாரும் பாட்டு என்று நினைத்திருக்க மாட்டோம். இது முதலில் எழுதப்பட வேண்டும். அதற்குப் பிறகு, அவள் தட்டியது எங்களுக்குக் கேட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். எல்லாருக்கும் கேட்டது. யார் யாருக்கு என்று பெயர் சொல்லச் சொன்னால் என் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கேட்கவில்லை என்று நான் சொல்லிவிட்டால், அவள் சும்மா உட்கார்ந்திருந்து செத்துப்போனாள் என்று ஆகிவிடும். அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூச்சு இருந்தவரை என்னைக் கூப்பிட்டாள்.

இதைச் சொன்னதும் எழுத்தர் "சத்தம் கேட்டதாகச் சரியாக நினைவில்லை" என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். எனக்கு நல்லது செய்யத்தான் அப்படி எழுதினார் என்று தெரியும், அவர் நல்ல பிள்ளை. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்தார். அடித்த இடத்தின் ஓரத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேலே உள்ளது யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்னது, அனைத்தும் உண்மை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார், வாசிக்கக் கேட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

(கையொப்பம்)